பதிமூன்று அங்குல ஸ்டெப்னி

லிங்கராஜபுரம் மேம்பாலத்து இறக்கத்தில்
தேங்காய் டெம்போவின் முதுகுக்கு
ஒரு சாண் முன்னால் எங்கள் கார் நின்றபோது
ஷெரினின் டிபன் டப்பா நிற்கவில்லை.
பின் சீட்டிலிருந்து பறந்து வந்து
கியர்க் கம்பியில் மோதித் திறந்தது.
முன் சீட்டெல்லாம் எலுமிச்சைச் சோறு.
"நின்னுடுச்சில்ல," என்றார் கிளமென்ட்.

நின்றதுதான்.
பீனியாவில் பதினோரு வருடமாக
மைக்ரோமீட்டரும் கையுமாக இருப்பவள் நான்.
நின்றதற்கும் நிறுத்தியதற்கும் நடுவே
எவ்வளவு இடைவெளி என்று
எனக்குச் சொல்லத் தெரியும்.
சொன்னேன்.
அதன்பிறகு மூன்று நாள் வீட்டில்
குக்கர் மட்டும் பேசியது.

சனிக்கிழமை ஜே.சி. ரோடு.
இதே காரின் விலை கூடிய மாடலுக்கு வரும்
தடித்த டிஸ்க் இரண்டு, பெரிய காலிப்பர் ஜோடி,
பேட், சீல் பிரிக்காத எண்ணெய்.
செப்பு வாஷர் இரண்டுதான் கொடுத்தார்கள்,
நாலு வேண்டும் என்று நின்று வாங்கினேன்.

ஞாயிறு, பேஸ்மென்ட், பதினேழாம் தூண்.
"இங்கே ரிப்பேர் வேலை கூடாது மேடம்,
நஞ்சுண்டப்பா சார் திட்டுவார்" என்ற
வாட்ச்மேன் ஜதின்
சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு
டார்ச்சைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றான்.

பழைய டிஸ்க் வர மறுத்தது.
எட்டு மழைக்காலம் அதை ஹப்போடு ஒட்டியிருந்தது.
சுத்தியலால் கேட்டுப் பார்த்தேன்,
முதலில் மெதுவாக, பிறகு மரியாதை இல்லாமல்.
நாலாவது மாடி வரை கேட்டதாம்.
கழன்று விழுந்ததைத் துடைத்து அளந்தேன்.
ஏழு புள்ளி ஆறு.
ஜதினிடம்கூடச் சொல்லவில்லை.

புதியது பளிச்சென்று உட்கார்ந்தது.
சக்கரம் உட்காரவில்லை.
பதிமூன்று அங்குலத்துக்குள்
அந்தக் காலிப்பர் அடங்காது.
எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.
அளப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

மாடியேறிப் போய்ப் படுக்கையறைக் கதவிடம்
"பதினாலு அங்குலம் வேணும்" என்றேன்.
கதவு பதில் சொல்லவில்லை.
இரண்டு மணி நேரம் கழித்து
சிவாஜிநகரிலிருந்து ஒரு ஆட்டோ நிறைய
டயரோடு நாலு பழைய வீல்,
அவற்றின் நடுவே மடங்கி உட்கார்ந்து கிளமென்ட்.

லைனில் காற்று எடுக்க இரண்டு பேர் வேண்டும்,
ஒருவர் பெடலில், ஒருவர் அடியில்.
"மிதி."
"மிதிச்சாச்சு."
"பிடி."
"பிடிச்சிருக்கேன்."
நிப்பிளைக் கால் சுற்றுத் திறந்தால்
குழாயில் குமிழ் குமிழாக,
ஆறிப்போன டிகிரி காப்பி நிறத்தில் வந்தது.
"மூடிட்டேன். விடு."
பன்னிரண்டு வருடமாக
'ங்க' போடாமல் நான் பேசியதில்லை.
நிப்பிள் திறந்திருக்கும்போது
'ங்க'வுக்கு நேரமில்லை.
பெடல் கல்லாக இறுகும் வரை
முப்பது நாற்பது தடவை
மிதி, பிடி, விடு.
ஜதின் சிரிப்பை அடக்கிக்கொண்டு
டார்ச்சை வேறெங்கோ காட்டினான்.

பேட் டிஸ்கோடு பழக வேண்டும்:
அறுபதிலிருந்து இருபதுக்கு, பத்துத் தடவை,
நடுவில் நிற்கக் கூடாது.
இந்த ஊரில் அறுபதைப் பார்க்க
விடிகாலை நாலு மணிக்கு எழ வேண்டும்.
அவுட்டர் ரிங் ரோட்டில் பால் வண்டிகளும் நாங்களும்.
கிளமென்ட் ஓட்டினான்.
ஏழாவது தடவை சூட்டு வாசனை ஏறியதும்
"பழசு எவ்வளவு இருந்துச்சு?" என்றான்.
"ஏழு புள்ளி ஆறு."
"எவ்வளவு இருக்கணும்?"
"எட்டுக்குக் கீழே போகக் கூடாது."
மிச்சம் மூன்று தடவையும்
கண்ணாடியில் பின் சீட்டைப் பார்த்துக்கொண்டே
மிதித்தான்.

டிக்கியில் ஸ்டெப்னி இன்னும் பதிமூன்றுதான்.
ஒரு தாளில் எழுதி
டாஷ்போர்டுக்குள் வைத்திருக்கிறேன்:
முன் சக்கரம் பஞ்சரானால்
பின்னால் இருப்பதைக் கழற்றி முன்னால் போடு.
சின்னதைப் பின்னால் மாட்டு.
மழையாக இருந்தால் கூப்பிடு, வருகிறேன்.

கியர்க் கம்பியின் உறைக்குள்
ஒரு வேர்க்கடலை இன்னும் கிடக்கிறது.
ஒவ்வொரு பிரேக்குக்கும் உருள்கிறது.
அதை எடுக்க
இன்னொரு ஞாயிறு வேண்டும்.