கூரையின் பரப்பளவு

ஏழாவது கேள்வி:
கூரை கான்கிரீட்டா, ஓடா, மற்றவையா.
மற்றவை என்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.
எட்டாவதுக்குப் போக வேண்டியதில்லை.

முழுதும் நிரம்பிய படிவத்துக்கு நாற்பது ரூபாய்,
பெட்ரோல் என் செலவு.
கச்சனத்துக்குத் தெற்கே இறங்கி
மேலத்தெருவில் ஒரு மணி நேரத்தில்
பதினாறு வீடு முடித்தேன்.
எல்லாம் மொட்டை மாடி.
ஒன்றில் மிளகாய் காய்ந்தது.
ஒன்றில் போன வருடமே தகடு ஏறிவிட்டது.
மோட்டாருக்கு இலவச கரண்ட் இருக்கு,
இது ஏசிக்கு என்றார் வீட்டுக்காரர்.
மோர் கொடுத்தார், உப்பு கூடுதல்.

வாய்க்கால் பாலம் தாண்டினால் கீழத்தெரு.
நாற்பத்திரண்டு வீடு.
கீற்று, கீற்றின் மேல்
கஜா அடித்தபோது கொடுத்த தார்ப்பாய்,
நீலம் வெளுத்து இன்ன நிறமென்று சொல்ல முடியாதது.
தொகுப்பு வீடு ஒன்பது. கம்பி தெரிகிறது.
ஏறினால் நானும் தளமும்
சேர்ந்துதான் இறங்க வேண்டும்.

மற்றவை. மற்றவை. மற்றவை.
வெயில் மட்டும்
ஒரு வீட்டையும் விட்டுவைக்கவில்லை.

நடவு முடிந்து வந்த தையல்நாயகி,
முழங்கால்வரை சேறு,
என்ன கணக்கு என்றாள்.
வெயிலில் இருந்து கரண்ட் எடுப்பது என்றேன்.
சிரித்தாள்.
"இம்புட்டு நாளா வெயில நாங்கதான வாங்குறோம்?
அதுக்குக் காசு வருதுன்னதும்
மாடி இருக்கான்னு கேக்குறீங்களே."

நடவு இப்போது விடியுமுன்னே,
நாலு மணிக்கே தொடங்குகிறதாம்.
பத்து மணிக்கு மேல்
வயல் தண்ணீர் காலைச் சுடுகிறதாம்.
போன ஆனியில் பக்கிரிசாமியின் மனைவி காசாம்பு
வரப்பில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை.
ஆஸ்பத்திரிச் சீட்டில் மாரடைப்பு.
வெயில் என்று எழுத
அங்கேயும் கட்டம் இல்லை.

"கான்கிரீட்டு ஒண்ணு இருக்கு, வாங்க."

கரையோடு நடந்தோம்.
மேட்டூர் திறந்து இருபது நாள்,
இங்கே இன்னும் கணுக்கால் தண்ணீர்,
அதன்மேல் ஆகாயத்தாமரை.
வாய்க்கால் ஒடியும் இடத்தில்
நாலு தூண், ஒரு தளம்.
திறந்துவைத்தவர் பெயரோடு கல்வெட்டு.
சுடுகாட்டுக் கொட்டகை.
ஊர்க்காரர்களுக்கு வேறு இருக்கிறது,
அதற்குத் தார்ரோடு.

"உசுரோட இருந்தா கீத்து.
செத்தா தளம்."

நாடா பிடித்து அளந்தேன்.
இருபத்தெட்டுக்குப் பதினெட்டு.
மேலே மரநிழல் இல்லை.
ஐந்து கிலோவாட் தாங்கும்.
வீட்டுக்கு ஒரு ஃபேன், இரண்டு லைட்,
குழந்தைகள் படிக்க, ராத்திரி தூங்க.
மனக்கணக்காகப் போட்டேன்,
யாரும் கேட்காமலே.

தகடு தெற்கே பார்க்க வேண்டும் என்றேன்.
"நாங்களும் தெக்கதான் தலைய வைக்கிறோம்"
என்றார் உத்திராபதி.
பிணம் எரிப்பவர். விறகைப் புரட்டும் கழியை
ஊன்றி நின்றிருந்தார்.
புகை படியுமே என்றேன்.
"அன்னிக்குத் தொடைச்சிக்கிறோம்."

சூப்பர்வைசர் போனில் கத்தினார்.
திட்டம் வீட்டுக்கு, சுடுகாட்டுக்கு இல்லை.
சிக்னல் போய்விட்டது,
அல்லது நான் துண்டித்தேன்.

பதினோராவது கேள்வி:
கூரையின் உரிமையாளர்.
பஞ்சாயத்து என்று எழுதப் போனேன்.
தையல்நாயகி பேனாவை வாங்கினாள்.
எழுத்துக்கூட்டி, நாக்கைக் கடித்து
காசாம்பு என்று எழுதினாள்.
அப்புறம் யாரோ ஒரு பெயர் சொன்னார்கள்.
இன்னொருவர் இன்னொன்று.
போன கோடையில் போனவர்கள்,
கொரோனாவில் போனவர்கள்,
பெயர் வைக்குமுன்னே போன ஒரு குழந்தைக்கு
வெறும் கோடு.
கட்டம் நிறைந்து ஓரத்தில் ஏறி
கையெழுத்துப் போடும் இடத்தையும் தாண்டியது.

சேற்று விரல் பட்ட அந்தத் தாளை
மற்றவற்றோடு சேர்த்தே கொடுத்தேன்.
தகடு வந்ததா என்று கேட்காதீர்கள்.
இந்த மாதம் கணக்கில் ஏறியது
பதினேழு வீட்டுக்குப் பணம்.

மேலத்தெருவில் பதினாறு.
கீழத்தெருவில் ஒன்று.