ஒன்றே முக்கால் வேகம்

வலது காதில் எந்திரம் இரையும்.
இடது காதில் பிரெய்ஷோ பேசுவான்.
வீகோ துறைமுகம், இரவுப் பணி, வெளியே மழை.
பெல்ட்டில் வெந்த மட்டிகள் வரும்:
வாய் திறந்தவை டப்பாவுக்கு,
திறக்காதவை குப்பைக்கு.

வாரம் ஒரு புத்தகம் அவனுக்கு.
கடன் வாங்கிக் கப்பல் விட்டவர் கதை,
திவாலாகாமல் இருப்பது எப்படி என்று
திவாலானவர் ஒருவர் எழுதியது,
தேனீக்களிடம் நிர்வாகம் படித்த ஜெர்மன்காரர்.
மெதுவாகக் கேட்பதெல்லாம் பணக்காரர்களுக்கு என்று
முதல் நாளே சபேலா என் போனை வாங்கி
வேகத்தை ஏற்றிக் கொடுத்தாள்.
ஒரு மணி நேரப் பேச்சு
முப்பத்து நான்கு நிமிடத்தில் முடிந்துவிடும்.
நான்கு ஆண்டு, இருநூற்றுப் பன்னிரண்டு பாகம்.
மிச்சம் பிடித்த மணிகளை எங்கே வைத்தேன் என்று
யாரும் கேட்டதில்லை.

அந்த வேகத்தில் அவன் பொரிந்து தள்ளுவான்.
கேள்வி முடியுமுன் பதில்,
பதில் ஆறுமுன் அடுத்த பதில்.
தயக்கம் என்றால் என்னவென்றே தெரியாத ஆள்.
மேற்பார்வையாளர் எலாதியோவிடம்
சம்பள உயர்வு கேட்கப் போன அன்று
அந்தக் குரலைத்தான் தொண்டையில் ஏற்றிக்கொண்டு போனேன்.
நாற்பது யூரோ கிடைத்தது.

மார்ச்சில் போன்தெவேத்ரா நூலகத்துக்கு வந்தான்.
விடுப்பு எடுத்து,
எலுமிச்சை தேய்த்து விரல் நாற்றம் போக்கி,
இரண்டாம் வரிசையில் இடம் பிடித்தேன்.
ஒல்லியான ஆள். மைக்கைத் தட்டினான்.
"எல்லோருக்கும்" என்றான்.
நின்றான்.
"வணக்கம்."

என் கட்டைவிரல்
கோட்டுப் பைக்குள் தானாகப் போய்ப்
பொத்தானைத் தேடியது.

குடித்திருக்கிறானோ என்றுகூட நினைத்தேன்.
ஒரு சொல்லை எடுப்பான்,
வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பான்,
வைத்துவிட்டு வேறொன்றை எடுப்பான்.
லாபம் என்றால் என்ன என்று ஒருவர் கேட்டார்.
அவன் தண்ணீர் குடித்தான்.
ஜன்னலுக்கு வெளியே ஒரு பேருந்து
வந்து, நின்று, ஆள் ஏற்றிக்கொண்டு போனது.
"தெரியவில்லை" என்றான்.
"முன்பு தெரிந்திருந்தது."

கையெழுத்து வாங்காமல் கிளம்பிவிட்டேன்.
ஏமாந்த மாதிரி இருந்தது,
ஏமாற்றியவரைத்தான் காணோம்.
நான் நம்பிய துணிச்சல் அவனுடையதில்லை.
பைக்குள் இன்னும் துழாவிக்கொண்டிருந்த
என் விரலுடையது.

அன்றிரவு படுக்கையில்
முதல் பாகத்தைப் போட்டேன்,
அவன் பேசிய வேகத்திலேயே.
நாற்காலி முனகுகிறது. தாள் புரள்கிறது.
வட்டி என்று அவன் ஆரம்பிக்கும்போது
அடுத்த அறையில் ஒரு பெண் இருமுகிறாள்.
காத்திருக்கிறான்.
அவள் ஓய்ந்ததும் வட்டிக்குத் திரும்புகிறான்.
ஐந்தாம் பாகத்திலும் அதே இருமல்.
முப்பதாவதில் ஒரு கதவு,
சூப் ஆறுகிறது என்பது போல ஏதோ ஒன்று.
நூற்று நாற்பத்தொன்றில் இருமல் இல்லை.
ஆனாலும் காத்திருக்கிறான்,
வாக்கியத்தின் நடுவில், அதே அளவு.
விலை நிர்ணயம் பற்றிய பாகம் அது.
நான்கு முறை கேட்டிருக்கிறேன்.
குறிப்பெல்லாம் எடுத்திருக்கிறேன்.

அவளுக்குக் குணமானதா, வீடு மாறினாளா,
இல்லை,
எழுதிக் கேட்கலாம்.
விலாசம் ஒவ்வொரு பாகத்தின் கடைசியிலும்
அவனே சொல்கிறான்.
எழுதவில்லை.

இப்போது ஒன்றில் வைத்துத்தான் கேட்கிறேன்.
சபேலா சிரிக்கிறாள், பென்ஷன் வாங்கியவள் மாதிரி என்று.
உனக்குக் கை மந்தமாகிவிட்டது என்கிறார் எலாதியோ.
பெல்ட்டின் பொத்தான் அவர் பக்கம் இருக்கிறது.

நேற்று இருநூற்றுப் பதின்மூன்று வந்தது.
தலைப்பு: லாபம்.
நீளம் ஒரு மணி பத்து நிமிடம்.
இன்னும் திறக்கவில்லை.