நாலு பத்து

கீல் உடைந்தது ஜனவரியில்.
ஒடாரு துறைமுகம், சகலினிலிருந்து வந்த நண்டுக் கப்பலின் தளம்.
பெட்டிக் கணக்கு நானூற்றுப் பன்னிரண்டில் இருந்தபோது
பட்டாணியைக் கடித்ததுபோல்
ஒரு சின்னச் சத்தம்.
மூடி ஒருபுறமாகத் தொங்கியது.
திரை மட்டும் எதுவும் நடக்காததுபோல்
நானூற்றுப் பன்னிரண்டு என்றே காட்டிக்கொண்டிருந்தது.

இருபத்தாறு வருடம்
என் கோட்டுப் பையில், கைக்குட்டைக்குக் கீழே.
மாதம் முழுக்க இரண்டு பென்சில் பேட்டரி போதும் அதற்கு.
சொந்த வெளிச்சம் கிடையாது;
இருட்டினால் நான்தான்
விளக்குக் கம்பத்தடியில் போய் நிற்க வேண்டும்.

சப்போரோவுக்கு ரயிலேறினேன்.
கடைக்காரர் கைபேசிகளைப் பரப்பி வைத்தார்.
எல்லாம் கண்ணாடி, எல்லாம் வழுக்கல்.
கையுறையோடு தொட்டேன்.
சுவரிடம் பேசியதுபோல் இருந்தது.
"கையுறையைக் கழற்றினால் வேலை செய்யும்."
மைனஸ் பதினொன்றில் கழற்றினால்
விரல் வேலை செய்யாது என்றேன்.

அடுத்த கடையில் மடங்கும் திரை;
விலையைக் கேட்டதும் மடங்கியது நான்.
பிறகு, தனியாக ஒட்டிக்கொள்ளும் விசைப்பலகை.
வாங்கி ஒரு வாரம் வைத்திருந்தேன்.
பலகையும் கைபேசியும் கோபித்துக்கொண்ட தம்பதிபோல்
பையின் எதிரெதிர் மூலையில் கிடந்தன.

கடைசியில் அகப்பட்டது ஒன்று.
எங்கோ நாலைந்து பைத்தியங்கள்
பணம் திரட்டிச் செய்த குட்டி மடிக்கணினி,
என் உள்ளங்கையைவிட ஒரு விரற்கடை அகலம்.
பொத்தான் உண்டு. கீல் இரும்பு.
திறந்த உடனே கேட்டது:
உங்கள் பெயர் என்ன, எங்கே இருக்கிறீர்கள்,
முகத்தைக் கொஞ்சம் காட்டுகிறீர்களா?
பழையது ஒரு தரம்கூடக் கேட்டதில்லை நான் யாரென்று.
மரியாதையா அது, அலட்சியமா,
இப்போதுதான் யோசிக்கிறேன்.

கோப்புகளை மாற்ற மூன்று இரவு.
கார்டுக்கொரு அடாப்டர்,
அந்த அடாப்டருக்கொரு அடாப்டர்.
எல்லாக் கப்பலும் வந்தது.
மூழ்கிப்போனவைகூடப் பத்திரமாக வந்து சேர்ந்தன.

வராதது அந்த அலாரம்.
தினமும் மாலை நாலு பத்துக்கு அடிக்கும்:
"குனிசாகியைக் கூப்பிடு."
யார் குனிசாகி?
ஏதோ ஒரு வருடத்தில் தெரிந்திருக்கும் எனக்கு.
கப்பல் முகவரோ பல் மருத்துவரோ,
கூப்பிடாமல் விட்டதால் நடக்காமல் போன எதுவோ.
அடிக்கும். நிறுத்துவேன். தேநீர் ஊற்றுவேன்.
துறைமுகத்தில் பாதிப் பேர்
என் பை கத்தினால்தான் கோப்பையைத் தேடுவார்கள்.
கிரேன் ஓட்டும் இகராஷி மேலிருந்து கேட்பான்:
"இன்னைக்காவது கூப்பிட்டீங்களா?"

நேற்று புதியதோடு வேலைக்குப் போனேன்.
எண்ணூறு பெட்டி, ஒரு பிழையில்லை.
நாலு பத்து வந்தது, போனது.
நாலேகாலுக்கு இகராஷி எட்டிப் பார்த்தான்.
ஐந்தரை வரை ஒருவரும் உட்காரவில்லை.
எனக்குத் தலை வலித்தது.

இரவு சமையல் மேசையில் எழுதினேன்:
4:10. குனிசாகியைக் கூப்பிடு.
எத்தனை நாளுக்கு ஒருமுறை என்றது. தினமும்.
முடியும் தேதி? காலியாக விட்டேன்.
"இந்தப் பெயர் உங்கள் தொடர்புகளில் இல்லை."
தெரியும் என்றேன்,
வீட்டில் யாருமில்லை, வாய்விட்டே.

பழையது கரண்டி டிராயரில் கிடக்கிறது.
பேட்டரியை எடுக்கவில்லை;
இன்னும் பத்து நாள் தாங்கும்.
நாளை ஞாயிறு, வீட்டில்தான் இருப்பேன்.
எது முந்துகிறதென்று பார்க்க வேண்டும்.