உடன் வந்தவர்

இரவு இரண்டு நாற்பது.
பெங்களூர் பஸ் ரவுண்டானாவில் இறக்கிவிட்டுப் போயிருந்தது
ஒரு பெண்ணையும்
ஒரு இரும்புப் பெட்டியையும்.
படிக்குப் படி பெட்டியை இறக்கி வைத்து
அவள் மேலே வந்துசேரும்வரை
கையில் கொசு பேட்டோடு நின்றுகொண்டிருந்தேன்.

என் தலைக்கு மேலே
முதலாளி திம்மராயன் சிவப்பு எழுத்தில் ஒட்டியிருந்தார்:
தனியாக வரும் பெண்களுக்கு ரூம் கிடையாது.
நல்லவேளை, அவளுக்குத் தமிழ் தெரியாது.
எனக்குத் தெரியும்.
வெளியே மழை பிடித்துக்கொண்டது.

மாங்கூழ் ஃபேக்டரியில் மிஷின் நின்றுபோச்சாம்.
அது பிறந்த ஊரிலிருந்து
அதைத் தட்டி எழுப்ப வந்தவளாம்.
பல்கேரியா என்றாள்.
ஆமாம், பெங்களூர் பஸ்தான் என்றேன்.

பேரேட்டில் ஒரு கட்டம்: உடன் வந்தவர், உறவு.
இரும்புப் பெட்டி என்று எழுதினேன்.
உறவுக்கு நேரே ஒரு கோடு.

வெளிநாட்டுக்காரர்களுக்குத் தனிப் படிவம்.
பாஸ்போர்ட்டை ஜெராக்ஸ் எடுத்தால்
மை தீர்ந்து
பாதி முகம்தான் வந்தது இவெலினாவுக்கு.
இந்தியாவில் முகவரி?
அவள் என்னைப் பார்த்தாள்.
நான் சாவி மாட்டிய ஆணிகளைப் பார்த்தேன்.
அறை 204, சேலம் ரோடு, கிருஷ்ணகிரி.
இவ்வளவு பெரிய நாட்டில்
பத்துக்குப் பன்னிரண்டடி அவளுடையது.

சுடுதண்ணி ஆறிலிருந்து எட்டு என்று
மாதேஷ் விரலில் காட்டினான்.
அத்தனை பக்கெட்டா என்று
அவள் கண் விரிந்தது.
பிறகு தானே கீஸரைத் திறந்து
ஸ்பானரால் இரண்டு தட்டு தட்டி
காதை வைத்துக் கேட்டு
உதட்டைப் பிதுக்கினாள்.
செத்ததைச் சொல்ல பாஷை வேண்டியதில்லை.
கீழே வந்து பக்கெட்டை வாங்கிக்கொண்டு போனாள்.

மூன்று சாயங்காலமும்
முழங்கை வரை மஞ்சளாகத் திரும்பினாள்.
மாடிப்படி முழுக்க பெங்களூரா மாம்பழ வாசம்,
எறும்புகளும் வரிசையாய்.
பக்கத்து மெஸ்ஸில் பரோட்டாவை ஒதுக்கிவிட்டு
தயிரை மட்டும் கிண்ணத்தில் வாங்கி
கண்ணை மூடிக்கொண்டு தின்றாள்.
இன்னொரு கிண்ணம்.
ஒரே ஒரு வார்த்தை சொன்னாள், தயிரிடம்.
நான் என்ன என்று கேட்கவில்லை.

நான்காம் இரவு
மிஷின் ஓடிவிட்டது என்று கையைச் சுற்றிக் காட்டினாள்.
எங்களிடம் இருபத்துநாலு மணிக் கணக்கு;
இரண்டு நாற்பதுக்கு வந்தவர்
இரண்டு நாற்பதுக்குள் போக வேண்டும் என்று
இங்கிலீஷிலும் எழுதித் தொலைத்திருக்கிறோம்.
இரண்டு முப்பத்தைந்துக்கு சாவியை மேஜையில் வைத்தாள்.
பஸ்ஸோ நாலு மணிக்கு.
மேலே போய்ப் படுங்கள் என்று சைகை காட்டினேன்.
போர்டைக் காட்டினாள்.
பெட்டியின் மேல் காலை நீட்டி
ரிசப்ஷன் நாற்காலியிலேயே தூங்கிப்போனாள்.

அதற்கு முன் ஒரு கேள்வி பாக்கியிருந்தது:
அடுத்து செல்லும் இடம்.
வீடு என்று எழுதியிருந்தாள்.
கம்ப்யூட்டர் அதை ஏற்கவில்லை.
பட்டியலில் ஊர்கள் இருந்தன,
வீடு இல்லை.
ஏதோ ஒன்றை அமுக்கினேன். பச்சை விழுந்தது.

அவள் குறட்டை மெல்லியதுதான்.
சும்மா இருக்க முடியாமல்
பேரேட்டில் அடுத்த வரியை இழுத்தேன்.
பெயர்: முனிரத்தினம்.
வந்த இடம்: ராயக்கோட்டை.
வந்த தேதி: பதினோரு வருஷம் முன், புதன்.
அறை: மாடிப்படிக்குக் கீழே, நம்பர் கிடையாது.
உடன் வந்தவர்
என்ற இடத்தில் பேனா நின்றது.
லாரிக்காரர் ஒருவர் வந்து
ஏசி ரூம் இருக்கா என்றார்.
பக்கத்தைத் திருப்பிவிட்டேன்.

காலையில் 204 கூட்டிய மாதேஷ்
கட்டிலடியில் கிடந்தது என்று
ஒரு ரப்பர் வளையத்தைக் கொடுத்தான்.
மஞ்சள் ஒட்டியிருந்தது.
ஒழுகுகிற எங்கள் குழாய்க்கு மாட்டிப் பார்த்தேன்.
சேரவில்லை.
இப்போது சாவி ஆணியில் தொங்குகிறது,
நம்பர் இல்லாத ஆணியில்.