ஒறம்பரை

சென்னையிலிருந்து ஆம்னி பஸ்ஸின் வயிற்றில் வந்தான்.
தெர்மாகோல் பெட்டி, அதற்குள் பை,
பைக்குள் ஒரு கை கடல்.
விடியக்காலம் ஸ்டாண்டில் இறக்கிவைத்த கிளீனர் கேட்டார்,
"என்ன மீனுங்க?"
"கோபி."
"ஊரைக் கேக்கலீங்க."
"மீனு பேரே அதுதானுங்க."
நம்பாமல் பஸ்ஸில் ஏறிக்கொண்டார்.

மொடச்சூர் ரோட்டில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன் நான்.
கிணற்றடியில் புகைந்துபோனதெல்லாம் என்னிடம் வரும்.
நாளெல்லாம் செம்புக் கம்பி.
விரல் ரேகையில், சோற்றில், தலையணையில் அதன் வாசம்.
பெட்டியைத் திறக்குமுன்
முழங்கை வரை மூன்று தடவை கழுவினேன்.

பெரிய தொட்டி முன்னறையில் இருக்கிறது,
மற்ற மீன்களும் விளக்குமாய்.
இவனுக்கு அது ஒரு மாதம் கழித்து.
இப்போதைக்குப் பின்னறை, நெல் மூட்டைக்கு எதிரில்
வெறும் கண்ணாடி. மணலில்லை, கல்லில்லை.
போர் போட்டவர்கள் விட்டுப்போன
முக்கால் இஞ்ச் எல்போ இரண்டை
வெந்நீரில் அலசிப் போட்டேன்.
உள்ளே போனவன் போனவன்தான்.

மூன்று பக்கமும் பேப்பர் ஒட்டினேன்.
அவன் பார்க்கிற பக்கம்
மஞ்சள் விலை, குவிண்டாலுக்கு.

ஒறம்பரை வந்தால் எங்கள் பக்கம்
தண்ணிச் சொம்பு நீட்டி, வாங்க வாங்க என்று
சாப்டீங்களாவை நாலு தடவை கேட்போம்.
இவனுக்குக் கேட்காமலிருப்பதே உபசாரம்.
விளக்குப் போடவில்லை. கதவு அறையவில்லை.
செருப்புச் சத்தம் தரை வழியே தண்ணிக்குப் போகுமென்று
நிலவிலேயே கழற்றினேன்.
கரைத்த இறால் குஞ்சை பைப் வாய்க்கு நேரே ஊதிவிட்டு
வெளியே வந்துவிடுவேன்.
அரைமணி கழித்துப் போனால்
ஊதியது அப்படியே கிடக்கும்.
உறிஞ்சி எடுப்பேன்.

"மீனுக்குக் காசு குடுத்தீங்களா, பைப்புக்கா?"
ருக்மணி கேட்டதில் தப்பில்லை.

சோதனைக் குப்பியில் நாலு சொட்டு விட்டால்
மஞ்சளாய் நின்றால் நல்லது,
பச்சை ஏறினால் கெட்டது.
எங்கள் ஊரில் இதை யாரும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.
அலமாரியில் செம்பு மருந்து.
அங்கேயும் செம்பு.
தின்னாதவனுக்கு அதை ஊற்றக்கூடாது.

ஐந்தாம் ராத்திரி மழை. கரண்ட் போச்சு.
காத்து பம்பு நின்ற அமைதி
தூக்கத்திலேயே கேட்டது எனக்கு.
ஊரார் பம்புக்கெல்லாம் வைத்தியம் பார்க்கிறவன்
பேட்டரி பம்பு ஒன்று வாங்கி வைக்கவில்லை.
டம்ளரில் மொண்டு மொண்டு
உயரத்திலிருந்து ஊற்றினேன், டீ ஆற்றுகிறாற் போல.
செல்போன் விளக்கின்மேல் சிவப்பு மிட்டாய்த் தாள்.
பன்னிரண்டரை. ஒன்றே கால்.
ரெண்டு மணிக்கு நம்பியூர்க்காரர் ஒருவர் போனில்,
"மோட்டார் ஓடலீங்க."
"கரண்டே இல்லீங்க."
"அது வேறீங்க. அதுக்கு முன்னாலயே ஓடலீங்க."

மூன்றரைக்குக் கை கடுத்தது. நிறுத்தினேன்.
நிறுத்தினதும் எல்போவின் வாயில் ஒரு மஞ்சள் முகம்.
உச்சியில் ரெண்டு கண், கீழ்நோக்கி வளைந்த வாய்,
கடன் கேட்க வந்து
வாசலிலேயே நிற்கிறவன் போல.
மூச்சை அடக்கி மறுபடி மொண்டேன்.
உள்ளே போகவில்லை.
தண்ணி விழுகிற இடத்துக்கு
ஒரு விரற்கடை கிட்ட வந்தான்.

கரண்ட் வந்தது. பம்பு இரைந்தது,
அணைக்க மறந்த ட்யூப்லைட் பளிச்சென்றது.
ஆளைக் காணோம்.

காலையில் ஊதிய இறாலில்
ஏழெட்டு உறிஞ்சுகுழாய்க்கு வரவில்லை.
"அப்ப இன்னைக்கு மருந்தா?" என்றாள் ருக்மணி,
பின்னறை வாசலில் செருப்பில்லாமல் நின்று.
"நாளைக்கும் தின்னட்டும்."

கடை திறக்கப் போனால்
நம்பியூர் மோட்டார் எனக்கு முன்னே வந்து
நனைந்து படுத்திருந்தது.
மூடியைக் கழற்றாமல்
கொஞ்ச நேரம் வெய்யிலில் விட்டேன்.