கத்திரி வெயிலில் கணப்பு வாங்கியது

அக்னி நட்சத்திரம் ஒன்பதாம் நாள்,
தார் செருப்பில் ஒட்டுகிற மத்தியானம்,
பேட்டை ரோட்டில்
மைதீன் பிச்சையின் பட்டறைக்குப் போய்ச் சொன்னேன்:
"ரூமைச் சூடாக்க ஒரு இரும்புப் பெட்டி வேணும்."

வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
என்னைப் பார்த்தார்.
ஃபேனைப் பார்த்தார்.
"எந்த ஊருக்கும்மா?"
"ஊத்து எஸ்டேட்."
"அதான பாத்தேன்" என்று
ஒரு கலர் வாங்கிவரச் சொன்னார்.

மேலே ஆஸ்பத்திரி என்றால் நாலு கட்டில்,
ஒரு மருந்து அலமாரி, நான்.
மேற்குச் சுவரில் துரைமார் கட்டிய கணப்பு.
குனிந்தால் ஆள் நுழையலாம்.
ஒரு கட்டு விறகு வைத்தால்
சூடெல்லாம் ஆகாயத்துக்கு,
புகையெல்லாம் நோயாளிக்கு.
ஆனியில் பிடிக்கிற மழை ஆவணியிலும் விடாது.
குளுக்கோஸ் பாட்டிலை ஏற்றுவதற்கு முன்
என் ஸ்வெட்டருக்குள் அணைத்து
சில்லென்பது போகும்வரை நடப்பேன்.

மானேஜர் ஒப்புக்கொண்டது பன்னிரண்டாயிரம்.

பட்டறை மூலையில் ஒன்று தயாராகவே கிடந்தது,
ஏதோ பங்களா ஏலத்தில் வந்த வார்ப்பு இரும்பு.
மெல்லத்தான் ஏறும், விடியவிடிய ஆறாது,
தூக்க நாலு ஆள்.
"தட்டிப் பாருங்க" என்றார்.
தட்டினேன்.
மணி மாதிரி ஒலிக்க வேண்டியது
இருமியது.
அந்த இருமல் எனக்குத் தெரியும்.
உள்ளே எங்கோ கீறல்.

அப்போ தகடுதான். ஆறு எம்.எம்.
"பெரிசா அடிச்சிருவமா, ஒரேயடியா?"
வேண்டாம் என்றேன்.
சின்ன அறைக்குப் பெரிய பெட்டி வைத்தால்
அடக்கி அடக்கி எரிக்க வேண்டும்,
குழாயெல்லாம் கீல் பிடிக்கும்.
டோஸ் கூடினால் மருந்தும் அப்படித்தான்.
அவர் சிரித்துவிட்டுச் சிறிசாகவே குறித்துக்கொண்டார்.

கதவுக்குக் கண்ணாடியா, இரும்பா?
இரும்பென்று சொல்ல வாயெடுத்தேன்,
கண்ணாடிக்கு மூவாயிரத்து இருநூறு கூடுதல்.
ஆயா சொர்ணபாய் பஸ் ஏற்றிவிடும்போது சொன்னது:
"தீ கண்ணுல படலேன்னா
எனக்குக் குளிரு போவாதுக்கா."
இதற்கு எந்தப் புத்தகத்திலும் கணக்கு இல்லை.
பெயின்ட் வேண்டாம், சாம்பல் தட்டு வேண்டாம்,
மிச்சம் என் கைக்காசு,
கண்ணாடியே போடுங்க.

பஸ் கூரையில் ஏறி வந்தது பெட்டி,
கண்டக்டர் லிங்கதுரை இரண்டு டிக்கெட் கிழித்தார்.
இறக்கிச் சொருகினால்
சுற்றிலும் ஒரு விரல்கடை சந்து.
நான் அளந்தது கர்ப்பிணி வயிறு அளக்கிற டேப்பால்;
எத்தனையோ வயிற்றைச் சுற்றி
இழுபட்டு நீண்டிருந்தது.
களிமண்ணும் ஓட்டுச் சில்லும் அப்பினோம்.

காட்டில் சுள்ளி பொறுக்க முடியாது,
அது புலிக்கு எழுதிக் கொடுத்த இடம்.
நிழல் மரம் கழித்த சில்வர் ஓக்தான் விறகு.
காய்ந்ததென்று நினைத்தோம்.
முதல் ராத்திரி, ஒரு மணி நேரத்தில்
மூவாயிரத்து இருநூறு ரூபாய்
கன்னங்கரேல் என்று ஆகிவிட்டது.
சொர்ணபாய் ஒன்றும் சொல்லவில்லை.
மறுநாள் ஆறினதும் பேப்பரை நனைத்து
அதன் சாம்பலையே தொட்டு,
குழந்தைக்கு முகம் துடைக்கிற மாதிரி துடைத்து,
காய்ந்த கட்டையாகத் தேடி வைத்து
முன்னால் உட்கார்ந்தாள்.

இப்போது குளுக்கோஸ் பாட்டில்
பெட்டிக்கு மேலே பலகையில் காத்திருக்கிறது.
ஸ்வெட்டரின் பொத்தானைப்
பகலில் போட மறந்துவிடுகிறேன்.

நேற்று லிங்கதுரை சேதி கொண்டுவந்தார்:
"சூடு போதுமான்னு பாய் கேக்காரு.
அங்க கீழ வேத்து ஊத்துது."
மருந்துச் சீட்டொன்றைக் கிழித்து எழுதினேன்:

காய்ந்த விறகு, ராத்திரி மூன்று வேளை.
ஈர விறகு, அறவே கூடாது.
மூன்று கட்டிலுக்குப் போதும்.
ஜன்னலோரத்து நாலாவது கட்டிலுக்கு
இன்னும் எட்டவில்லை.
வழி இருந்தால் சொல்லுங்க.