கால் வைக்காத மூன்று படி

லண்டன்பேட்டை திரும்பும் முன்
வாசலெல்லாம் ஏணி சாய்த்த கடை.
காலையிலிருந்து அவற்றில் ஏறிக்கொண்டிருக்கிறது
கிருஷ்ணகிரி வெயில்.

"அலுமினியம் எடும்மா"
ஒற்றைக் கையில் தூக்கிக் காட்டுகிறார் இத்ரீஸ் பாய்.
சீர்வரிசைப் பாத்திரம் போல அப்படியொரு மினுக்கு.
தூக்கிப் பார்த்தேன்.
நாளைக்கு ஆறு கடை ஏறி இறங்கும் தோளுக்கு
ஆசையாகத்தான் இருந்தது.

ஆனால் போன ஐப்பசியில்
காவேரிப்பட்டணம் மாங்கூழ் கம்பெனிச் சுவரில்
கேமரா மாட்டப் போனபோது
தோலுரிந்த வயர் ஒன்று
மழையில் நனைந்துகொண்டு சும்மா கிடந்தது.
திம்மராயன் ஏணியைச் சாய்த்தான்.
உதறித் தள்ளியது.
அவ்வளவுதான், வேறொன்றும் இல்லை.
செருப்பு காப்பாற்றியது என்கிறான் அவன்.
முனியப்பன் என்கிறாள் அவன் மனைவி.
இரண்டு பேரையும் நம்பிக்கொண்டு
நான் ஃபைபர் ஏணி கேட்டேன்.

"கனமாச்சே."
கனம்தான்.
"விலை ஒன்றரை மடங்கு."
அதுவும்தான்.

மஞ்சள் ஏணி இரண்டு வந்தன உள்ளேயிருந்து.
கயிறை இழுத்து மேல் பாதியை ஏற்றி இறக்கினேன்.
முதல் ஏணியில் இடது கொக்கி விழுந்து
ஒரு மூச்சு கழித்து
வலது கொக்கி விழுந்தது.
அந்த ஒரு மூச்சில்
பதினைந்தடி உயரத்தில் நான் இருப்பேன்.
ஓரமாக வைத்துவிட்டேன்.
இரண்டாவதில் ஒரே சத்தம்,
பெட்டிக்கடைப் பூட்டு மாதிரி.

தலைகீழாகக் கவிழ்த்துப் பாதம் பார்த்தேன்.
ரப்பர் புதிது, வரிவரியாகத் தரையைக் கவ்வும்.
மாப்பிள்ளை பார்ப்பதுபோல் பார்க்கிறாயே என்றார் பாய்.
மாப்பிள்ளையை இப்படிப் பார்க்கவில்லை என்றேன்.

ஒட்டியிருந்த காகிதத்தில் நூற்றைம்பது கிலோ.
நான் ஐம்பத்தெட்டு.
டிரில், கேபிள் சுருள், இடுப்புப் பை
சேர்த்தாலும் எண்பது தாண்டாது.
"இன்னும் கொஞ்சம் லெஃப்டுல" என்று
கீழிருந்து கடைக்காரர்கள் சொல்லும் சொல்லுக்கு
யாரும் எடை போட்டதில்லை.

"இருபத்துநாலு அடி வாங்கிப் போடு,
எதுக்கும் ஆகும்."
எதற்கும் ஆவது எங்கள் ஏஸ் வண்டியில் நிற்காது.
இது மடக்கினால் பதினோரு அடி.
பின்னால் நாலடி நீட்டிக்கொண்டு நிற்கும்,
சிவப்புத் துணி கட்டிக்கொள்ளலாம்.

பதினொன்றும் பதினொன்றும் இருபத்திரண்டு.
நீட்டினால் பத்தொன்பதுதான்.
மீதி மூன்றடி
பாதியும் பாதியும் பிடித்துக்கொள்ள.
உச்சியில் மூன்று படி இருக்கிறது,
அதில் யாரும் நிற்கக் கூடாது.
"நிற்காத படிக்கு எதுக்கு பாய் காசு?"
சிரித்தார், குறைக்கவில்லை.

சாய்த்துப் பார்க்கலாமா என்றேன்.
குடோன் உத்திரத்தில் சாய்த்தேன்.
நாலடி உயரத்துக்கு ஓரடி தள்ளி,
அதற்குமேல் நிமிர்த்தினால் பின்னால் சாயும்,
படுக்கவைத்தால் கால் வழுக்கும்.
திம்மராயன் அடியில் குதிகால் ஊன்றினான்.
ஏறினேன்.

எட்டாவது படியிலிருந்து ஒரு கடை
வேறு கடையாக இருக்கிறது.
பெயிண்ட் டப்பாக்களின் மூடியில் புழுதி,
ஒரு பக்கம் கிழிந்த பில் புத்தகம்,
பாயின் வெள்ளைத் தொப்பியில் பின்னல் வேலை.
உத்திரத்தோரம் கடையின் பழைய கேமரா.
அதன் கண்ணாடியில் சிலந்தி
சாவகாசமாகக் குடித்தனம் நடத்துகிறது.

"டிவியில கடை மங்கலாத் தெரியலையா பாய்?"

கொஞ்ச நேரம் பதில் இல்லை.
"தெரிஞ்சது.
கண்ணுலதான் புரை விழுந்துடுச்சுன்னு
தருமபுரி ஆஸ்பத்திரிக்கு
தேதி வாங்கி வெச்சிருக்கேன்."

முந்தானை நுனியால் துடைத்தேன்.
கீழே திரையைப் பார்த்து
அவர் எதுவும் சொல்லவில்லை.
மேஜை விளிம்பைத் தொட்டார்,
திரையில் அந்தக் கை மேஜை விளிம்பைத் தொட்டது.

பில்லில் முந்நூறு குறைந்திருந்தது.
படிக்கு நூறு என்றார்.

சிவப்புத் துணி கேட்டோம்.
பழைய துண்டு ஒன்றைக் கிழித்துத் தந்தார்.
மேம்பாலம் ஏறும்போது
திம்மராயன் பத்துத் தடவையாவது
திரும்பித் திரும்பிப் பார்த்தான்,
துணி இருக்கிறதா என்று.